ஒட்டி வைத்த கவருக்குள் ஒரு பதில்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்தின் ஒரு ஏ.சி. அறையில் ஆரம்பித்த நாள், சாயங்காலம் கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் கொண்டுபோய் என்னை நிறுத்தியது. இடையில் இருந்த அந்த ஆறு மணி நேரத்தை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை சிம்மக்கல்லில். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே பேப்பர் கப், தட்டு மொத்த வியாபாரம். எங்கள் குடும்பத்தில் பிஎச்.டி. வரை போன முதல் ஆள் நான்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. "அம்புட்டு படிச்ச பொண்ணு, வெங்காயம் உரிக்கச் சொன்னா மட்டும் கண்ணு கலங்குது" என்று அம்மா கேலி செய்வார். படித்தது உளவியல். ஆய்வுத் தலைப்பு, கிராமத்துப் பெண்களின் மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி உதவுமா என்பது.

திட்டம் எளிமையானது. கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமத்தில் நாற்பது பெண்கள். முதல் நாள் ஒரு கேள்வித்தாள் கொடுத்து அவர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று அளந்துகொள்ள வேண்டும். ஆறு வாரம் பயிற்சி. கடைசியில் அதே கேள்வித்தாள். பாரம் குறைந்திருந்தால் பயிற்சி வேலை செய்திருக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் இன்னும் நாற்பது பேர், அவர்களுக்குப் பயிற்சி கிடையாது, கேள்வித்தாள் மட்டும். இவர்களுக்குக் குறைந்து அவர்களுக்குக் குறையாவிட்டால்தான் நாம் மார் தட்டிக்கொள்ளலாம்.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஆனால் எங்கள் துறையில் முதல் பாடமே, ஒரு முடிவு எப்படியெல்லாம் செல்லாமல் போகும் என்பதுதான். இடையில் ஊரில் நல்ல மழை பெய்து எல்லோருக்கும் மனசு குளிர்ந்திருக்கலாம். அதே கேள்வியை இரண்டாம் தடவை பார்ப்பதாலேயே பதில் மாறலாம். எல்லாவற்றையும் விட மோசம், ஆய்வு செய்கிறவளின் ஆசை. யார் மோசமாக இருக்கிறார் என்று எனக்கு முன்பே தெரிந்தால், அவரிடம் மட்டும் கூடுதலாகக் குழைந்து பேசுவேன், பயிற்சியைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பேன். முடிவு சாய்ந்துவிடும்.

அதற்காக நான் ஒரு ஏற்பாடு செய்தேன். ரொம்பப் பெருமையான ஏற்பாடு. முதல் நாள் ஒவ்வொருவரும் பதிலை எழுதி, அவரவர் கையாலேயே கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். கவர் மேல் பெயர் இருக்காது, எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக இன்னொரு கவரில். ஆறு வாரம் முடியும் வரை எதையும் நான் பிரிக்க மாட்டேன். ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்து வேறு போட்டு வைத்தேன். என் வழிகாட்டியான மேடம்கூட, "இவ்வளவு கறாரா யாரும் பண்றதில்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கேள்வித்தாளில் இருபது கேள்விகள். அதில் ஒன்று, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்பது. ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, எப்போதும் என்று நாலு கட்டங்கள். அனுமதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், "உதவி தேவைப்படுவோர் உடனடியாக மருத்துவரிடம் அனுப்பப்படுவர்" என்று நானேதான் டைப் அடித்திருந்தேன். ஒட்டிய கவருக்குள் இருப்பதை வைத்து எப்படி உடனடியாக அனுப்புவாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், ஊர் மகளிர் குழுக் கட்டடத்தில் பயிற்சி. குழுத் தலைவியாக இருந்த அக்கா வீடு வீடாகப் போய் ஆள் கூட்டி வந்துவிடுவார். "பாய் வீட்டுப் பிள்ள மருதயிலருந்து வெயில்ல வந்துருக்கு, வாங்கடி" என்று அவர் போடும் சத்தம் மெயின் ரோடு வரை கேட்கும். ஒரு நாள் ஒருத்தர் கொழுக்கட்டை கொண்டு வருவார், இன்னொரு நாள் இன்னொருத்தர் நுங்கு. என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

பயிற்சி ஆரம்பிக்குமுன் வட்டமாக உட்கார வைத்து, "இன்னிக்கு மனசு எம்புட்டு பாரம், விரல்ல காட்டுங்க" என்பேன். பத்து விரலும் நீட்டினால் தாங்க முடியாத பாரம். ஒன்றுமே இல்லையென்றால் கை முழுக்க மடக்கி. இது ஆய்வுக் கணக்கில் சேராது, சும்மா பேச்சை ஆரம்பிக்க நானே கண்டுபிடித்தது. முதல் வாரம் ஏழு, எட்டு என்று நீட்டினவர்கள் இரண்டாம் வாரம் ஐந்து, ஆறுக்கு வந்தார்கள். குறையக் குறைய நான் கை தட்டுவேன்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது குழு அக்கா கேட்டார், "இதெல்லாம் செஞ்சு ஒனக்கு என்ன கெடைக்கும் டீச்சர்?" நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "நீங்க எல்லாரும் விரல மடக்கிட்டீங்கன்னா நான் பாஸ்க்கா. இல்லேன்னா ஃபெயில்." அவ்வளவுதான். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்த வெள்ளிக்கிழமை விரல்களெல்லாம் மடமடவென்று மடங்கிவிட்டன. மூன்று, இரண்டு, சிலர் ஒன்று. எனக்கு வாயெல்லாம் பல். ஒரே ஒரு பெண் மட்டும் பத்து விரலையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, எப்போதும் சுவர் ஓரம் உட்காருவார், அதிகம் பேச மாட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைத் தட்டி, "ஏத்தா, டீச்சர் பாஸாக வேண்டாமா? மடக்குடி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அறுப்பு வேலை, மகள் பிரசவம், வீட்டுக்காரர் விடவில்லை என்று வேறு எட்டுப் பேரும் ஆளுக்கொரு காரணத்தால் இடையில் நின்றிருந்தார்கள். ஆக மொத்தம் ஒன்பது. களப்பணியில் இது சகஜம். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பத்து விரல் அக்கா வராமல் போனதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதிகூட இருந்தது. ஏன் வரவில்லை என்று ஆள் விட்டுக் கேட்கவும் இல்லை.

ஆறு வாரம் முடிந்தது. மீதி முப்பத்தொரு பேரின் கவர்களைப் பிரித்தேன். முடிவு பிரமாதம். பாரம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது, பக்கத்துக் கிராமத்தில் அப்படியே இருந்தது. நின்றுபோன ஒன்பது பேரின் கவர்களை நான் பிரிக்கவே இல்லை. கடைசி அளவு இல்லாதவர்களின் முதல் அளவை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ரப்பர் பேண்ட் போட்டு அட்டைப்பெட்டிக்குள் தூக்கிப் போட்டேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு பேராசிரியர் குழு முன்னால் முடிவுகளைச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த ஒரு சார், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார். "ஒன்பது பேர் நின்னுட்டாங்கன்னு போட்டிருக்கீங்களே, அவங்க முதல் நாள் எப்படி இருந்தாங்க? நல்லா இருந்தவங்க நின்னாங்களா, மோசமா இருந்தவங்க நின்னாங்களா?"

பரீட்சைக்கு ஃபெயிலாகிற பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடத்தின் தேர்ச்சி விகிதம் தானாக ஏறும். அந்த மாதிரி, ரொம்பப் பாரமாக இருந்தவர்களே கழன்றுகொண்டிருந்தால் என் பயிற்சி ஒன்றும் கிழிக்காமலேயே சராசரி குறைந்திருக்கும். அதைத்தான் கேட்டார். பாடப்புத்தகத்தில் இருக்கிற சாதாரணக் கேள்வி, அந்த ஒன்பது கவரும் என் கட்டிலுக்கு அடியில் ஒட்டியபடியே கிடந்தன. நாளைக் காலைக்குள் ஒரு அட்டவணை போட்டுக் கொடுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள்.

எரிச்சல் என்றால் எரிச்சல். அந்த சாரை மனசுக்குள் வைதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஒரு மணி இருக்கும். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், "பத்து நிமிஷம்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். கவர்களைக் கிழிக்க ஆரம்பித்தேன். முதல் கவர், சாதாரணம். அடுத்தது, கொஞ்சம் அதிகம். மூன்றாவது, நாலாவது. ஐந்தாவது கவரின் எண் பதினேழு.

எல்லாக் கேள்விக்கும் கடைசிக் கட்டத்தில் டிக். உயிரோடு இருப்பது வேண்டாம் என்று தோன்றுகிறதா என்ற கேள்விக்கும் 'எப்போதும்'. தாளின் அடியில், வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று இரண்டு கோடு விட்டிருந்தேன். அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. பதினேழாம் எண் எழுதியிருந்தார், அமுக்கி அமுக்கி, தாளின் பின்பக்கம் தடம் தெரியும் அளவுக்கு.

"டீச்சர் என்னால முடியல. யாருகிட்டயும் சொல்லல. உங்ககிட்ட தனியா பேசணும்."

தேதியைப் பார்த்தேன். பதினோரு வாரம்.

யா அல்லா! பெயர்ப் பட்டியல் இருந்த கவர் கிழியவே மாட்டேன் என்றது. பல்லால் கடித்துக் கிழித்தேன். பதினேழுக்கு நேரே பெயரைப் பார்த்ததுமே முகம் தெரிந்துவிட்டது. சுவர் ஓரம், நீட்டிய பத்து விரல்.

பட்டியலில் இருந்த போன் நம்பரைப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுபடி போட்டேன். அதே குரல். மேடத்துக்கு அடித்தேன். நான் உளறியதைக் கேட்டுவிட்டு அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது. "உடனே கிளம்பு. நான் ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கிட்ட பேசி வைக்கிறேன்" என்றார். ஓடினேன். கடை வாசலில் அத்தா சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். "அத்தா, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. இப்பவே" என்றேன். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

பஸ்ஸில் ஏறியதும் குழு அக்காவுக்குப் போன் போட்டேன். நூறு நாள் வேலையில் இருந்தார், பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அந்தப் பத்து விரல் அக்கா எப்படி இருக்கிறார் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். "அவளா? அவ யாருகிட்டயும் பேசியே நாளாச்சு. காலையில ஆட்ட அவுத்துக்கிட்டுப் போனா. ஏன் டீச்சர்?"

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். நீங்கள் எழுதுவது யாருக்கும் தெரியாது என்று முதல் நாள் நாற்பது பேருக்கும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பித்தானே அந்த அக்கா எழுதினார். "ஒண்ணுமில்லக்கா, ஒரு கையெழுத்து விட்டுப் போச்சு, கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா" என்றேன். "அம்புட்டுதானா? சாயங்காலம் பாத்துக்கிடலாம் டீச்சர். இப்பப் போனா இன்னைக்குக் கூலிக்குப் பேர வெட்டி விட்டுருவாங்க" என்று வைத்துவிட்டார்.

பஸ் ஒத்தக்கடை தாண்டியது. மறுபடி மேடம். "அவங்க எழுதினதைச் சொல்லாதே. ஆனா ஆளைத் தனியா விடாதேன்னு சொல்லு. ரகசியம் அவங்களைக் காப்பாத்தத்தான், அவங்க உயிருக்கு மேல இல்லை" என்றார். திரும்பக் குழு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். கையெழுத்தெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்கள ஒரு நிமிஷம்கூட தனியா விடக் கூடாது. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அவர் மண்வெட்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் போறேன் டீச்சர்" என்றார். பேர் வெட்டுவதைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை.

மேலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்க இறங்கிவிட்டார். நான் கண்டக்டரிடம் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. "ஏம்மா, எல்லாருக்கும்தான் அவசரம்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். அந்த நேரம் போன் வந்தது. குழு அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

"வீடு பூட்டிக் கெடக்கு. ஆடு அஞ்சும் தானா வீட்டுக்கு வந்து நிக்கிது டீச்சர். ஆளக் காணோம். நாங்க நாலு பேரு தேடிப் போறோம்."

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், கிடைக்கவில்லை. ஆடு மட்டும் வந்து நிற்கிறது என்றால் கிராமத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று டவுனில் பிறந்த எனக்கே தெரியும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன். ஓதுவதற்கு நடுவிலும் மூளை சும்மா இருக்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே பிரித்திருந்தால், முதல் வாரமே பிரித்திருந்தால், அவர் நின்றுபோன அன்றைக்காவது பிரித்திருந்தால் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. கவர் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்ட அந்தக் கையை ஒடித்துப் போட்டால் தேவலை என்று இருந்தது.

கொட்டாம்பட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஊர் எல்லையில் குழு அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டில் நின்றிருந்தார். ஆட்டோ நிற்பதற்குள்ளேயே, "இருக்கா டீச்சர், இருக்கா, உசுரோட இருக்கா" என்றார். நான் ஆட்டோவை விட்டுக் குதித்தேன். அவர் கண்மாய்ப் பக்கம் கை காட்டினார்.

கண்மாயின் அந்தக் கோடிக் கரையில், கருவேல மரத்தடியில் உட்கார்ந்திருந்தாராம். கூப்பிட்டால் பதில் இல்லை, எழுந்து வரவும் மறுக்கிறார், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார் குழு அக்கா. நான் கரை மேல் நடந்தேன். போய் என்ன சொல்வதென்று யோசிக்க, நான் படித்த எந்தப் பாடமும் கைகொடுக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அந்த இரண்டு பெண்களும் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போனார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. "பாஸாயிட்டியா டீச்சர்?" என்றார்.

ஏன்க்கா வரவில்லை என்று கேட்டேன். "நான் வந்தா ஒனக்குக் கெடுதல். எல்லாருக்கும் விரலு மடங்குது, எனக்கு மடங்கல. பொய்யா மடக்கிப் பாத்தேன் வீட்டுல. ஒனக்கு முன்னால செய்ய மனசு வரல. சரி, வராம இருந்தா ஒனக்கு நல்லதுதானேன்னு இருந்துட்டேன்."

நான் டீ குடித்துக்கொண்டே சொன்ன ஒரு பேச்சு! என் ஆசை ஆய்வுக்குள் வந்துவிடக் கூடாதென்று கவரை ஒட்டி, எண் போட்டு, அவ்வளவு பாடுபட்டேன். என் வாயை ஒட்ட மறந்துவிட்டேன்.

எங்கள் படிப்பில் ஒன்று சொல்லித் தருவார்கள், சுற்றி வளைக்காமல் நேரே கேட்டுவிட வேண்டும் என்று. கேட்டேன். "செத்துரணும்னு தோணுதாக்கா?" "தோணுச்சு. இன்னைக்கும் தோணுச்சு. ஆடு போனதே தெரியல, உக்காந்துட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் அவர் சொன்னதுதான் இன்றுவரை என் காதில் கிடக்கிறது.

"ஒனக்குத்தான் மொத நாளே எழுதிக் குடுத்தேனே டீச்சர். நீ படிச்சிருப்பன்னு நெனச்சேன். ஒவ்வொரு வாட்டியும் நீ உள்ள வாரையில ஒம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பேன், இன்னைக்குக் கூப்பிடுவ, இன்னைக்குக் கூப்பிடுவன்னு. நீ எல்லாரயும் பாத்து சிரிக்கிற மாதிரி என்னயும் பாத்துச் சிரிச்ச. சரி, இதெல்லாம் கேக்குற அளவுக்குப் பெருசில்ல போலன்னு விட்டுட்டேன்."

நான் படிக்கவே இல்லை என்று சொன்னேன். ஏன் படிக்கவில்லை என்றும் சொன்னேன். ஆய்வு, பாரபட்சம், கவர் என்று என்னென்னவோ சொன்னேன். அந்தக் கரையில் உட்கார்ந்து சொல்லும்போது அதில் ஒரு வார்த்தைகூட நியாயமாகப் படவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு அழுதேன். "தப்பு பண்ணிட்டேன்க்கா, என்னய மன்னிச்சிருங்க" என்றேன். அவருக்கும் அழுகை வந்தது. அதன்பின் பேச ஆரம்பித்தார். அவர் என்ன சொன்னார், என்ன பாரம் அது என்று நீங்கள் கேட்பீர்கள். அதை எழுத மாட்டேன். அது அவருடையது.

அன்றைக்கே மதுரைக்குக் கூட்டி வந்தோம். நான், அவர், குழு அக்கா மூன்று பேரும். ஆஸ்பத்திரி வாசலில் மேடம் நின்றிருந்தார். டாக்டர் பார்த்து, அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது குழு அக்கா மெல்ல ஆரம்பித்தார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடாத. கடைசியா ஒரு பேப்பரு குடுத்தீல்ல, அதுல நாங்க எல்லாரும் பேசி வச்சுத்தான் போட்டோம். நம்மள நம்பி அம்புட்டு தூரம் வார பிள்ள, ஃபெயிலாயிரக் கூடாதுன்னு." பிறகு என்னைப் பார்த்து, "ஆனா மூச்சு விடுறது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு வருஷ உழைப்பு அந்த பெஞ்சிலேயே முடிந்தது.

மறுநாள் அதே ஏ.சி. அறைக்குப் போய் அட்டவணைக்குப் பதிலாக நடந்ததைச் சொன்னேன். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். கேள்வி கேட்ட அந்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே இருந்தார். முடிவு செல்லாது என்று நானே எழுதிக் கொடுத்தேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. இரண்டாம் தடவை தாள்களை வாங்க, எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு செவிலியரை வைத்தேன். எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் அந்த ஒரு கேள்வியையும் அடியில் எழுதியிருப்பதையும் அவர் அங்கேயே, அப்போதே பார்த்துவிடுவார். இரண்டையும் சேர்த்தே செய்ய முடியும் என்பது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை? பாடப்புத்தகத்தில் ஆய்வு கெட்டுப்போகும் வழிகளையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆய்வால் ஒரு ஆள் கெட்டுப்போகும் வழியைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இந்த முறை மூச்சுப் பயிற்சியால் கிடைத்த பலன் கொஞ்சம்தான். கொஞ்சம் என்றே எழுதினேன்.

அந்த அக்கா இப்போது இருக்கிறார். நன்றாக இருக்கிறார் என்று முழுசாகச் சொல்ல முடியாது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், மாசம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வருகிறார். சில சமயம் எனக்குப் போன் செய்வார். நல்ல நாளிலும் செய்வார், ஆகாத நாளிலும் செய்வார். ஆகாத நாளில் செய்கிறாரே என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

பட்டம் வாங்கியாகிவிட்டது. வீட்டு வாசலில் அத்தா ஆசையாகப் பலகை செய்து மாட்டியிருக்கிறார். ஆனாலும் என் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று எழுதும் ஒவ்வொரு தடவையும், உள்ளே நுழையும் என் முகத்தை மூன்று வாரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த ஒருத்தர் நினைவுக்கு வந்து கை ஒரு நொடி நிற்கிறது. நிற்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.